விருந்தும் மருந்தும்

திருச்சியிலிருந்து அக்கா மகள் போன் செய்தாள். கல்யாணமாகி ஐந்து வாரம் ஆகியிருந்தது. "சித்தி, கல்கத்தாவுக்கு ஒரு நாள் போதும்தானே?"

தேனிலவுக்கு மாப்பிள்ளைக்குக் கிடைத்தது ஒன்பது நாள் லீவு. ரயிலில் வர இரண்டு நாள், டார்ஜிலிங்குக்கு மூன்று, காங்டாக்குக்கு இரண்டு, பாக்டோக்ராவிலிருந்து விமானத்தில் திரும்ப ஒன்று. மிச்சமிருந்த ஒரு நாளை எங்கள் ஊருக்கு ஒதுக்கியிருந்தாள். அவளைப் பொறுத்தவரை கல்கத்தா ஒரு ஊரல்ல. டார்ஜிலிங்குக்குப் போகும் வண்டி மாறுகிற இடம். (2001-லேயே கொல்கத்தா என்று பெயர் மாற்றிவிட்டார்கள். தமிழ் வாய்க்கு இன்னும் கல்கத்தாதான். வங்காளிகள் என்றைக்குமே 'கொல்காதா' என்றுதான் சொல்லிவந்தார்கள், அவர்களுக்கு ஒன்றும் மாறவில்லை.)

"என்ன கிழமை?" என்று கேட்டேன்.

"திங்கட்கிழமை."

திங்கட்கிழமை கல்கத்தாவுக்கு வருவதும், அமாவாசையன்று நிலா பார்க்கப் போவதும் ஒன்று. விக்டோரியா நினைவகத்தின் காட்சிக்கூடம், இந்திய அருங்காட்சியகம், தாகூர் பிறந்த ஜோராசாங்கோ வீடு மூன்றுக்கும் திங்கட்கிழமை விடுமுறை. காளிகாட்டுக்குப் போகலாம், தட்சிணேசுவரத்துக்குப் போகலாம். ஆனால் தட்சிணேசுவரத்திலும் எதிர்க்கரையில் பேலூர் மடத்திலும் மதியத்தில் நடை சாத்திவிடுவார்கள். கோயிலுக்குப் போய்விட்டு வருவதற்கு எதற்குத் தேனிலவு?

"விருந்தும் மருந்தும் மூன்று நாள். மூன்று நாள் இரு, காங்டாக்கை விட்டுவிடு" என்றேன். மறுமுனையில் சத்தமே இல்லை. காங்டாக் மாப்பிள்ளையின் ஆசையாம்.

இந்த மூன்று நாள் கணக்கை யார் போட்டார்களோ தெரியாது. தமிழ் படித்தவளுக்கு அதில் ஒரு நியாயம் தெரிகிறது. விருந்து என்ற சொல்லுக்குத் தொல்காப்பியத்திலேயே புதுமை என்றுதான் பொருள். புதிதாக வருகிறவர் விருந்து. மூன்றாம் நாள் அவர் பல் தேய்க்கும் நேரம் நமக்கும், நம் வீட்டுக் குழாயில் தண்ணீர் வரும் நேரம் அவருக்கும் தெரிந்துவிடுகிறது. அதன்பின் அவர் விருந்தல்ல, ஆள். வங்காளத்தில் 'ஒதிதி' என்பார்கள், நம் அதிதிதான். திதி பார்க்காமல் வருகிறவர் என்று அதற்கு ஒரு விளக்கம் சொல்வதுண்டு. வரும் நாளுக்குத்தான் கணக்கில்லை என்று நாம் நினைக்கிறோம். 1895-இல் தாகூர் எழுதிய 'அதிதி' கதையின் பையன், போகிற நாளையும் யாருக்கும் சொல்லவில்லை. வளர்த்தவர்கள் தங்கள் பெண்ணையே அவனுக்குக் கட்டிவைக்க ஏற்பாடு செய்திருக்கிறார்கள். ஒரு மழை இரவில் கிளம்பிப் போய்விடுகிறான். இந்தத் தலைப்பைத் தமிழில் விருந்தாளி என்று எழுதினால் கதையே கெட்டுவிடும் என்று மொழிபெயர்ப்பு வகுப்பில் ஒருமுறை சண்டை போட்டிருக்கிறேன்.

என் அடுத்த வீட்டு மாஷிமாவுக்கு அந்தப் பழமொழியின் இரண்டாவது பாதிதான் வாய்த்தது.

தமிழ்நாட்டிலிருந்து சுற்றிப்பார்க்க வருகிற கூட்டத்தை ஏற்றிவரும் கோரமண்டல் எக்ஸ்பிரஸ், திரும்பிப் போகும்போது வேறொரு கூட்டத்தை ஏற்றிச் செல்கிறது. மடியில் எக்ஸ்ரே உறை, தோளில் தண்ணீர் பாட்டில், பையில் அவலும் முடியும் (பொரியைத்தான் வங்காளத்தில் முடி என்கிறார்கள், புதிதாக வருகிற தமிழர்கள் ஒரு நிமிடம் திகைப்பார்கள்). வேலூர் சி.எம்.சி.யைச் சுற்றிய தெருக்களில் வங்காள எழுத்தில் பெயர்ப் பலகை வைத்த லாட்ஜுகளையும் மீன்குழம்புச் சாப்பாட்டுக் கடைகளையும் பார்த்தவர்களுக்கு இது புதிய செய்தியல்ல. அங்கே போகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்விதான், எத்தனை நாள் ஆகும்? ஊர் ஊராகச் சுற்றுகிறவன் தானே பதில் சொல்லிக்கொள்கிற கேள்வி அது. நோயாளிக்கு வேறு யாரோ சொல்ல வேண்டும்.

மாஷிமா கிளம்புவதற்கு முந்தின நாள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். தமிழ்ச் சொற்களை வங்காள எழுத்தில் எழுதித் தர வேண்டும். கொஞ்சம், எவ்வளவு, தண்ணீர், சூடாக, மெதுவாக, வலிக்கிறது என்று எழுதினேன். வாழைப்பழத்தின் ழகரத்துக்கு வங்காளத்தில் எழுத்தில்லை. பழத்தையே படமாக வரைந்தேன். "எத்தனை நாள் ஆகும்?" என்ற வாக்கியத்தைத் தனிப் பக்கத்தில் பெரிதாக எழுதச் சொன்னார். ஏழு நாளுக்குத் துணி எடுத்துக்கொண்டு போனார்கள். நாற்பத்தியோராம் நாள் திரும்பினார்கள்.

மேஷோமொஷாய் இளைத்திருந்தார், ஆனால் நடந்து வந்தார். வேலூர்க் கோட்டை எப்படி என்று கேட்டேன். "ஆட்டோவிலிருந்து பார்த்தேன், தினமும்" என்றார். நாற்பத்தியொரு நாளில் ஒரு முறைகூட உள்ளே போகவில்லை. ஜலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபத்தைப் பற்றி நான் சொல்ல ஆரம்பித்தேன். அவர் மரியாதைக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார். லாட்ஜுக்குப் பக்கத்தில் இட்லி விற்ற அம்மாள் தினமும் 'சாப்டாச்சா' என்று கேட்டதைத்தான் அவர் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வேலைக்காக வந்து நாளைத் தொலைத்தவர்கள் கல்கத்தாவுக்கும் உண்டு. தில்லிக் கவிஞர் காலிப் தன் பென்ஷன் வழக்குக்காக 1828 பிப்ரவரியில் இங்கே வந்தார். கம்பெனி சர்க்காரின் கச்சேரிக்கு நடந்து நடந்து ஏறக்குறைய ஒன்றரை வருடம் தங்கினார். கேட்ட பணம் கிடைக்கவில்லை. ஊரை மட்டும் பிடித்துப்போய்விட்டது. ஊரும் தாமதமாக மரியாதை செய்தது, பழைய ஃப்ரீ ஸ்கூல் தெரு இன்று மிர்சா காலிப் தெரு. நம்மவர் பாரதியார் 1906 டிசம்பரில் காங்கிரஸ் மாநாட்டுக்கு வந்து தங்கியது சில நாட்கள்தான். அந்தச் சில நாட்களில் நிவேதிதையைச் சந்தித்தார். மனைவியை ஏன் அழைத்து வரவில்லை என்று அவர் கேட்டதாகவும் பாரதி பதில் சொல்லத் தடுமாறியதாகவும் சொல்வார்கள். 1908-இல் வந்த 'ஸ்வதேச கீதங்கள்' நூலை நிவேதிதைக்குத்தான் சமர்ப்பித்தார்.

அக்கா மகளிடம் இதையெல்லாம் நான் சொல்லவில்லை. அவளே இரண்டு நாள் கழித்து மெசேஜ் அனுப்பினாள். 'காங்டாக் கேன்சல். மூணு நாள் வர்றோம் சித்தி.' மாப்பிள்ளையை எப்படிச் சம்மதிக்க வைத்தாள் என்று நான் கேட்கவில்லை.

திங்கட்கிழமை வந்தார்கள். எங்கள் லேக் கார்டன்ஸில் பார்க்க ஒன்றும் கிடையாது. பெயரில் இருக்கும் தோட்டங்கள் எங்கே என்று இருபத்தொரு வருடமாகத் தேடுகிறேன். ஏரி மட்டும் நிஜம். பட்ஜ் பட்ஜ் போகும் லோக்கல் ரயில் பாதையைக் கடந்தால் அந்தப் பக்கம் ரவீந்திர சரோவர். 1920-களில் நகர அபிவிருத்தி டிரஸ்ட் சதுப்பு நிலத்தை வெட்டி உண்டாக்கிய செயற்கை ஏரி. நீர்ப்பரப்பு மட்டும் 73 ஏக்கர். 1958-இல்தான் தாகூர் பெயரைச் சூட்டினார்கள். எங்களுக்கெல்லாம் அது வெறும் லேக். படகுவலிக்கும் கிளப்புகள், தீவுக்குப் போக ஒரு தொங்கு பாலம், தீவில் ஒரு மசூதி, தென்கரைப் பக்கம் 1935-இல் ஜப்பானியத் துறவி நிசிதாட்சு ஃபூஜி நிறுவிய புத்தர் கோயில். மாலையில் அங்கே மத்தளம் அடித்து ஓதுவார்கள்.

சாயங்காலம் இருவரையும் அங்கே விட்டுவிட்டுக் காய்கறி வாங்க லேக் மார்க்கெட்டுக்குப் போனேன். முருங்கைக்காயும் வாழை இலையும் காபிப் பொடியும் கட்டிய பூவும் கிடைக்கும் இடம். கம்பெனிகளில் டைப்பிஸ்டாகவும் கணக்கராகவும் வேலைக்கு வந்த தமிழர்கள் இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் குடியேறினார்கள். கம்பெனிகள் போன பிறகு பிள்ளைகளும் போனார்கள். பூக்காரர் மட்டும் இன்னும் தமிழில் எண்ணுகிறார். திரும்பி வரும்போது ஏரிக்கரை பெஞ்சுகளில் வழக்கம்போலக் குடைகள் விரிந்திருந்தன. மழையில்லை. வெயிலும் போய்விட்டது. கல்கத்தாவில் காதலர்களுக்கு வீடு கிடையாது, குடை உண்டு. கூட்டுக் குடும்பமும் இரண்டு அறை வீடும் கொண்ட ஊரில் வேறெங்கே போவார்கள்? காவலாளி விசில் ஊதிக்கொண்டே நடப்பார். குடைக்குப் பக்கத்தில் வரும்போது மட்டும் மரத்தைப் பார்ப்பார். எங்கள் ஜோடியிடம் குடை இல்லை. அவளுடைய துப்பட்டா இருந்தது. நான் வேறு வழியாக வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் விக்டோரியா. 1906-இல் அடிக்கல், 1921-இல் திறப்பு விழா. நடுவில் 1911-இல் தலைநகரைத் தில்லிக்கு மாற்றும் அறிவிப்பு வந்துவிட்டது. எவ்வளவு காலம் இருக்கப்போகிறோம் என்று தெரியாமலே பளிங்கில் கட்டியிருக்கிறார்கள். 2024 மார்ச்சில் திறந்த, ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் போகும் மெட்ரோவில் மாப்பிள்ளை இரண்டு முறை போய் வந்தார். டிராமில் ஏற்ற வேண்டும் என்று எனக்கு ஆசை. 1873-இல் குதிரை இழுத்து ஓடத் தொடங்கி 1902-இல் மின்சாரத்துக்கு மாறிய வண்டி. 2024 செப்டம்பரில், மைதானத்தை ஒட்டிய ஒரு தடம் போக மற்றதை நிறுத்துவதாக அரசு சொல்லிவிட்டது. டிராமைப் பார்க்க எத்தனை நாள் ஒதுக்கலாம் என்று இனி பயணிகள் முடிவு செய்ய முடியாது.

புதன்கிழமை ஜோராசாங்கோ. தாகூர் 1861-இல் பிறந்ததும் 1941-இல் இறந்ததும் அந்த ஒரே வீட்டில். இடையில் எவ்வளவு ஊர் சுற்றினார்! இறந்த அறையின் வாசலில் அக்கா மகள் ரொம்ப நேரம் நின்றாள். மாப்பிள்ளை அவளை அவசரப்படுத்தவில்லை. அவரைப் பற்றி எனக்கு அப்போதுதான் நம்பிக்கை வந்தது.

அன்று இரவு சாப்பிடும்போது அவர் கேட்டார்: "நீங்க இங்கே எவ்வளவு நாள் இருக்கறதா உத்தேசம் சித்தி?"

சாதாரணமாகத்தான் கேட்டார். என் கணவர் மோருக்குக் கை நீட்டியவர் நீட்டியபடியே என்னைப் பார்த்தார். 2004-இல் மூன்று வருட மாற்றலில் வந்தவர்கள் நாங்கள். இப்போது வீட்டுக்காரர் கட்டடத்தை இடித்து ஐந்து மாடி கட்ட ஒரு புரோமோட்டரிடம் கொடுக்கப்போகிறார். எங்கள் தெருவில் இது நான்காவது வீடு. காலி செய்யத் தேதி கேட்டிருக்கிறார். கணவருக்குச் சென்னை மாற்றலுக்கு வாய்ப்பிருக்கிறது. அம்பத்தூரில் மாமியார் தனியாக இருக்கிறார். நியாயமான பதில் எல்லாம் ஒரே பக்கம்தான் இருக்கிறது. எனக்கு மட்டும் வாய் வரவில்லை.

வங்காளிகள் வீட்டுக்கு இரண்டு சொல் வைத்திருக்கிறார்கள். பிழைப்புக்காகத் தங்கும் இடம் 'பாஷா', பரம்பரை வீடு 'பாரி'. வந்த புதிதில் மாஷிமா கேட்டார், உன் பாரி எங்கே என்று. லால்குடி பக்கம் என்றேன். போன மாதமும் ஒரு ரிக்‌ஷாக்காரர் கேட்டார். லேக் கார்டன்ஸ் என்று சொல்லிவிட்டேன். தப்பான சொல்லைச் சொன்னேன் என்று வீட்டுப் படியேறும்போதுதான் உறைத்தது. நானோ மொழிபெயர்ப்பாளர்.

அகப்பாடல்களுக்குத் துறை வகுத்தவர்கள் 'செலவழுங்கல்' என்று ஒன்று சொல்கிறார்கள். செலவு என்றால் அங்கே பயணம். கிளம்ப முடிவு செய்த தலைவன் கிளம்பாமல் தயங்குவது. எம்.ஏ. பரீட்சையில் இதற்கு ஐந்து மதிப்பெண். தயங்குகிறவள் தலைவியானால் அதற்கு என்ன துறை என்று வினாத்தாளில் கேட்கவில்லை.

மாப்பிள்ளைக்கு, "பார்க்கலாம்" என்றேன். கணவர் மோரை ஊற்றிக்கொண்டார்.

மறுநாள் இரவு ஸியால்தாவில் டார்ஜிலிங் மெயில் ஏற்றிவிட்டேன். மூன்று நாள் நான்காகியிருந்தது. தட்சிணேசுவரம் போகாமல் வந்தால் அக்கா திட்டுவாள் என்று அவளே நீட்டிக்கொண்டாள். மாஷிமாவும் ஸ்டேஷனுக்கு வந்தார், கையில் நோலென் குட் சந்தேஷ் பெட்டி. குளிர்காலத்துப் பேரீச்ச வெல்லம் போட்டது. வண்டி நகரும்போது அக்கா மகள் "வர்றோம்" என்றாள். மாஷிமா அதன் பொருளைக் கேட்டார். சொன்னேன். வங்காளத்திலும் விடைபெறும்போது 'ஆஷி' என்பார்கள், வருகிறேன் என்றுதான் அர்த்தம். "நீங்களும் போகிறேன் என்று சொல்ல மாட்டீர்களா?" என்று மாஷிமா ஆச்சரியப்பட்டார். இத்தனை வருடத்தில் அவரிடம் நான் இதைச் சொன்னதே இல்லை என்பது எனக்கு ஆச்சரியம்.

நேற்று வீட்டுக்காரர் மறுபடி வந்தார். தேதி வேண்டும் என்றார். கார்காலம் முடியட்டும் என்றேன். தலைவர்கள் எல்லாம் அதற்குள் திரும்பிவிடுவதாகத்தான் சொல்லிவிட்டுப் போவார்கள். அவர் பாவம், காலண்டரை எடுத்து எந்த மாதம் என்று கேட்டார். பூஜைக்கு அப்புறம் என்றேன். எழுதிக்கொண்டு போனார்.