சமபலமும் சந்தைக் கணக்கும்

ஆர்பாட் ஈலோ என்னும் பௌதிகப் பேராசிரியர் வகுத்து, 1970-இல் சர்வதேசச் சதுரங்கச் சம்மேளனம் ஏற்றுக்கொண்ட தரப்புள்ளி முறையில், 200 புள்ளி மேம்பட்டவர் ஆட்டப் புள்ளிகளில் நூற்றுக்குச் சுமார் 76 பங்கு பெறுவார் என்பதை எவரும் காகிதத்தில் போட்டுச் சரிபார்க்கலாம். தோற்றவனுக்கும் மனம் ஆறும். இணைய விளையாட்டுகளில் எதிராளியைத் தேடித் தரும் யந்திரமோ, பெரும்பாலும் அதே கணித வம்சத்தில் பிறந்ததாயினும், தன் கணக்கைக் காட்டுவது அபூர்வம். ஆக்டிவிஷன் நிறுவனம் 2017-இல் அமெரிக்காவில் பெற்ற காப்புரிமை ஒன்றில், புதியவனை அவன் ஆசைப்படக்கூடிய ஆயுதமேந்திய தேர்ந்த வீரனோடு கோத்துவிட்டு, அதை அவனும் விலைகொடுத்து வாங்கத் தூண்டும் யுக்தி விவரிக்கப்பட்டிருந்தது. (விற்பனையாளருக்குச் சம்பளமும் மிச்சம்!) எந்த விளையாட்டிலும் அதைப் பிரயோகிக்கவில்லை என்று நிறுவனம் கூறிற்று, இருக்கலாம். ஆயினும், ஜோடி சேர்ப்பதற்குத் திறமையைத் தவிர வேறு எதையெல்லாம் கணக்கில் கொள்கிறார்கள் என்பதைப் பகிரங்கப்படுத்தும்படி சட்டமே அவர்களை நிர்ப்பந்திக்க வேண்டும்.