மணிக்கட்டு கற்பிக்கும் பாடம்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. விலங்கியல்

நாடி பிடித்து நோய் அறிவது நம் நாட்டின் பழைய மரபு. மருத்துவர் விரல் வைக்கும் அதே மணிக்கட்டுத் தமனி, இன்று இதயத்திற்குள் செல்லும் வாசலாகவும் ஆகிவிட்டது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

1929இல் ஜெர்மனியில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் மருத்துவர், தம் கைச்சிரை வழியே ஒரு மெல்லிய குழாயைத் தம் இதயம் வரை தாமே செலுத்தி, எக்ஸ்ரே படமும் எடுத்தார். அத்துணிச்சலுக்கு 1956இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பின்னாளில் இதய நாளங்களின் அடைப்பைக் காணத் தொடைத் தமனி வழியே குழாய் செலுத்துவது பெருவழக்காயிற்று. 1989இல் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் லூசியன் காம்போ, மணிக்கட்டின் ரேடியல் தமனி வழியாக 100 நோயாளிகளிடம் இதை முயன்று, அதன் பலனை வெளியிட்டார். இவ்வழியில் இரத்தக்கசிவு குறைவு. நோயாளி மணிக்கணக்கில் காலை நீட்டி அசையாமல் கிடக்க வேண்டியதும் இல்லை.

ஆனால் இந்தப் பாதை எல்லோருக்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை! மேற்கைத் தமனி முழங்கையருகே ரேடியல், அல்னார் என இரண்டாகப் பிரியும் என்று படிக்கிறோம். சிலருக்கோ ரேடியல் தமனி மேற்கையிலேயே, சமயத்தில் அக்குளிலேயே பிரிந்துவிடுகிறது. சிலருக்கு அது முழங்கையருகே ஒரு முழு வளையம் போட்டுச் செல்கிறது. சிலருக்குப் பாம்புபோல் நெளிகிறது.

இங்கிலாந்தில் 1,540 நோயாளிகளைப் படமெடுத்துப் பார்த்து 2009இல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களில் 212 பேருக்கு, அதாவது ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவருக்கு, தமனி மாறுபட்டிருந்தது. 108 பேருக்கு அது உயரத்திலேயே பிரிந்தது. 35 பேருக்கு முழு வளையம் இருந்தது. வழக்கமான அமைப்புடையோரில் நூற்றுக்கு ஒருவருக்குக்கூட முயற்சி தோற்கவில்லை. மாறுபட்டோரிலோ நூற்றுக்குப் பதினான்கு பேருக்குத் தோற்றது. வளையமுள்ளோரில் மூன்றில் ஒருவருக்கு மேல் வேறு வழி தேட வேண்டியதாயிற்று. வளையத்தில் வழிகாட்டிக் கம்பி தவறிச் சிறு கிளைக்குள் புகுந்தால், நாளம் துளைபட்டு முன்கையில் இரத்தம் கட்டிக்கொள்ளவும் கூடும்.

இதற்கு மருந்து என்ன? கம்பி தடைபட்டால் மேலும் தள்ளாமல் நிறுத்துவதும், சிறிது சாய மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரேயில் பாதையைப் பார்ப்பதும்தான். "கைப்பழக்கம் உள்ளவருக்கு இது எதற்கு? கதிர்வீச்சும் மருந்தும் வீண்தானே?" எனச் சிலர் கேட்கலாம். தேர்ந்த கைக்கும் தோலுக்கடியில் கண் கிடையாது. சில நொடிப் படம் ஒருவரின் கையைக் காக்குமானால் அது வீணாகாது.

மருத்துவருக்குச் சொல்ல இவன் யார் என்று கேட்பீர்கள். நியாயமே! என் வேண்டுகோள் நம் வகுப்பறைக்குத்தான். நம் புத்தகத்தில் ஒரே ஒரு படம். ரெக்கார்டு நோட்டிலும் அதே படம். பரீட்சையில் அதற்கே மதிப்பெண். அந்தப் படம் பெரும்பான்மையோரின் படமே தவிர எல்லோருடைய படமும் அன்று. 50 பேர் கொண்ட நம் வகுப்பில், மேற்சொன்ன கணக்கு பொருந்துமானால், மூன்று நான்கு பேரின் கைத்தமனி உயரத்திலேயே பிரிந்திருக்கும். அவர்கள் நோயாளிகளா? இல்லை. ஓடியாடி, எழுதிப் படித்து நம்மோடு நலமாக இருப்பவர்கள்.

குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த என்போன்றோருக்கு, அச்சில் வந்த படம் வேதவாக்கு. வீட்டில் திருத்திச் சொல்ல ஆள் கிடையாது. ஆகவே அந்தப் படம் முழு உண்மையைப் பேச வேண்டும். 'இது பெரும்பாலோரின் அமைப்பு. சிலருக்கு இவ்வாறு மாறும்' என்று ஒவ்வொரு படத்தின் அடியிலும் ஒரு வரி சேர்த்தால் போதும். ஆசிரியப் பெருமக்கள் இதைச் சிந்திப்பார்களாக. இங்கிருந்து ஆய்வுக்கூடத்திற்கும் மருத்துவமனைக்கும் வேலைக்குப் போகவிருக்கும் நண்பர்களே, நாளை உங்கள் முன் நீட்டப்படும் கை புத்தகத்தைப் படித்துவிட்டுப் பிறந்த கை அன்று!