ஒரு வீட்டின் சொல்



மருத்துவர்கள் மாநாடு கூட்டுகிறார்கள், வழக்கறிஞர்கள் கூட்டுகிறார்கள், நாமும் நம் பங்குக்கு ஆண்டுதோறும் கூட்டத்தான் செய்கிறோம். எண்களை ஆராய்வதையே தொழிலாகக் கொண்ட புள்ளியியலாளர்களும் நாடு விட்டு நாடு சென்று கூடுகிறார்கள் என்பதை நம் இல்லங்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். 1885ஆம் ஆண்டு இலண்டனில் தோற்றுவிக்கப்பட்ட பன்னாட்டுப் புள்ளியியல் கழகம் இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை உலக மாநாடு நடத்தி வருகிறது. 2017-இல் மொராக்கோவின் மராக்கேஷ் நகரிலும், 2019-இல் கோலாலம்பூரிலும், 2023-இல் கனடாவின் ஒட்டாவாவிலும், 2025 அக்டோபரில் நெதர்லாந்தின் ஹேக் நகரிலும் கூடினார்கள். அடுத்த மாநாட்டுக்கு 2027ஆம் ஆண்டும் தென் கொரியாவின் பூசான் நகரும் குறிக்கப்பட்டுள்ளன. மாநாட்டையொட்டி இளம் ஆய்வாளர்களுக்குப் பயிற்சிப் பட்டறைகளும் நடைபெறும்.

இதனால் நமக்கென்ன என்று கேட்கத் தோன்றும். கணக்குக்கு அஞ்சியே கலைப் பாடம் எடுத்துப் பட்டம் பெற்ற எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால், இக்கழகத்தின் பழைய மாநாடொன்றில் எழுந்து முப்பதாண்டுகள் ஓயாதிருந்த ஒரு வழக்கின் தீர்ப்பு, இன்று நம் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது. அதைச் சொல்லவே இம்மாதப் பக்கத்தை எடுத்துக் கொள்கிறேன்.

1895ஆம் ஆண்டு. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் கழகம் கூடியிருந்தது. நார்வே நாட்டுப் புள்ளியியல் துறையின் தலைவர் ஆந்தர்ஸ் கியேர் எழுந்து தம் கருத்தை வைத்தார். நாட்டு மக்களின் நிலையை அறிய ஒவ்வொருவரையும் எண்ண வேண்டியதில்லை. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் பொருத்தமாகத் தெரிந்தெடுத்த சிலரைத் தீர விசாரித்தால் முழு நாட்டின் நிலையும் தெரிந்துவிடும் என்றார். இதைத் தம் நாட்டில் செய்தும் பார்த்திருந்தார். சில ஊர்கள், சில தெருக்கள், அவற்றில் குறிப்பிட்ட வயதினர், குறிப்பிட்ட முதலெழுத்தில் பெயர் தொடங்குவோர் என்று பிரித்தெடுத்து வருமானமும் வாழ்க்கை நிலையும் கேட்டிருந்தார்.

அவையில் எதிர்ப்பு வலுத்தது. ஜெர்மானியப் பேராசிரியர் மாயர், நேரில் எண்ண இயலும்போது கணக்குப் போட்டு ஊகிப்பது தகாது என்று உறுதியாக மறுத்தார். அன்றைய புள்ளியியலாளர் பலருக்கும் முழுக் கணக்கெடுப்பே அறிவியல். மற்றவை யாவும் ஊகம்.

அந்த எதிர்ப்பில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கேட்கப்படாதவனின் நிலையைக் கேட்கப்பட்டவனின் வாய்மொழியால் எழுதுவது எவ்வளவு பெரிய துணிவு! கியேரும் தம் முறையில் குறையிருப்பதை உணரும் நிலை வந்தது. உடல் ஊனமுற்றோரின் எண்ணிக்கையை அவரது ஆய்வு குறைத்துக் காட்டிவிட்டது என்று சொந்த நாட்டிலேயே குறை கூறினர். 1901-இல் புடாபெஸ்ட் மாநாட்டில் போர்ட்கேவிச் என்னும் அறிஞர், கியேர் எடுத்த மாதிரி உண்மை நிலையிலிருந்து விலகியிருப்பதைக் கணித வழியில் சுட்டிக்காட்டினார். எனினும் 1903-இல் பெர்லினில் கழகம் ஒரு படி இறங்கி வந்தது. மாதிரியை எவ்வாறு தெரிந்தெடுத்தோம் என்பதை ஒளிவின்றிச் சொன்னால் இம்முறையைக் கையாளலாம் என்றது. முழு ஒப்புதல் 1925-இல் ரோமாபுரி மாநாட்டில்தான் கிடைத்தது. கியேர் அதைக் காணவில்லை. அவர் 1919-இலேயே மறைந்துவிட்டார்.

சிலரைக் கேட்கலாம் என்பது முடிவாயிற்று. அந்தச் சிலர் யார் என்பது முடிவாகவில்லை. இத்தாலியில் ஜினி, கால்வானி என்னும் இருவர், 1921ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின் தாள்களிலிருந்து ஒரு பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையவற்றை அகற்ற வேண்டிய நிலையில் இருந்தார்கள். 214 வட்டாரங்களுள் நாட்டின் சராசரியோடு ஒத்துப்போகும் 29 வட்டாரங்களை மிகக் கவனமாகப் பொறுக்கி எடுத்தார்கள். எந்தெந்த விவரங்களைப் பார்த்துப் பொறுக்கினார்களோ அவை ஒத்துவந்தன. மற்றவை வெகுவாக வேறுபட்டு நின்றன. 1934-இல் போலந்து அறிஞர் நெய்மான், இலண்டன் அரச புள்ளியியல் சங்கத்தில் படித்த கட்டுரையில் இதற்கு விடை தந்தார். மனிதன் தன் விருப்பப்படி பொறுக்கக் கூடாது. எல்லாருக்கும் இடம்பெற வாய்ப்பளிக்கும் வகையில் குலுக்கல் முறையில் எடுக்க வேண்டும். அப்போதுதான் தவறு எவ்வளவு இருக்கக்கூடும் என்பதையும் கணக்கிட இயலும் என்று நிறுவினார்.

இதை நம் பண்டாரிகள் என்றோ அறிவார்கள் எனலாம். ரமலானில் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சுபவரும் நோன்பாளியே ஆதலால், ஒரு பருக்கையை விரலிடையில் நசுக்கித்தான் பதம் பார்க்கிறார். ஆனால் மேலே மிதக்கும் பருக்கையை எடுத்து ஏமாறுவதில்லை. அடியிலிருந்து துழாவிக் கிளறிவிட்டே எடுக்கிறார். பானை சிறிதாயினும் பெரிதாயினும் நசுக்கும் பருக்கைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றுதான் என்பதையும் கவனியுங்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று சொன்னவர்கள், கிளறிவிட வேண்டும் என்பதைத் தனியே சொல்லவில்லை. சமைப்பவருக்குச் சொல்லித் தெரிய வேண்டுமா என்ன!

நிற்க. இக்கலையைப் பேரளவில் செய்து காட்டிய நாடுகளுள் முன் நிற்பது இந்தியா. 1931-இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவிய மகலனோபிஸ், வங்காளத்தின் சணல் வயல்களில் மாதிரி ஆய்வு நடத்தினார். ஒவ்வொரு வயலையும் எண்ணிய முழுக் கணக்கைவிட இவரது மாதிரிக் கணக்கே வணிகர்களின் கணக்குக்கு நெருங்கி வந்தது. செலவோ அதில் சிறு பங்கு. 1950-இல் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கியது. மறு ஆண்டே பன்னாட்டுக் கழகம் தன் மாநாட்டை இந்தியாவில் கூட்டியது.

அந்தத் தேசிய மாதிரி ஆய்வின் 2004–05ஆம் ஆண்டுச் சுற்றில் சுமார் ஒன்றேகால் இலட்சம் வீடுகள் கேட்கப்பட்டன. அதாவது கேட்கப்பட்ட ஒரு வீடு, சராசரியாக ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட வீடுகளுக்காகப் பேசியது. அந்த விவரங்களையும் 2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கையும் கொண்டே 2006-இல் சச்சார் குழு, நம் சமுதாயத்தின் கல்வி, வேலைவாய்ப்பு, வறுமை நிலைகளை நாட்டின் முன் வைத்தது. மேடைகளில் நாம் எடுத்துரைக்கும் விழுக்காடுகள் பலவும் யாரோ ஒரு தாய் தன் வீட்டு வாசலில் சொன்ன விடையிலிருந்து பிறந்தவை.

அந்த விடை எப்படிச் சொல்லப்படுகிறது என்பதை அண்மையில் நேரில் கண்டேன். எங்கள் வீதிக்கு மாதிரி ஆய்வாளர் ஒருவர், இளைஞர், கையில் கணினிப் பலகையோடு வந்தார். முதல் வீட்டில், "ஆம்பளைங்க இல்லை" என்று கதவு சாத்தப்பட்டது. இத்தகைய வீட்டுக்கு மாற்றாக வேறொரு வீட்டை எடுக்க விதியுண்டு. ஆனால் கதவு சாத்தும் வீடுகள் எல்லாம் ஒரே வகையினவாக இருந்துவிட்டால், கிளறாத பானையின் கதைதான். வந்தவரின் அடையாள அட்டையைக் கேட்டுப் பார்ப்பது முறை, அதில் தவறில்லை. தனி மனிதரின் விவரத்தை வெளியிடலாகாது என்று 2008ஆம் ஆண்டுச் சட்டமும் கூறுகிறது.

அடுத்த வீட்டு மாமி எல்லாக் கேள்விக்கும் விடை சொல்லியனுப்பிவிட்டு, அஸருக்குப் போய்க்கொண்டிருந்த என்னை நிறுத்தினார்.

"ஹஜ்ரத், புள்ளைங்க எத்தனை பேரு படிக்குதுன்னு கேட்டாரு. பையனை மட்டும் சொன்னேன். வயசுக்கு வந்த பொண்ணு பஸ் ஏறிக் காலேஜுக்குப் போவுதுன்னு ஊரு பேரு தெரியாதவங்ககிட்டச் சொல்லலாமா? மாப்பிள்ளை பேசிக்கிட்டிருக்கிற நேரம் வேற."

"என்னவென்று எழுதிக்கொண்டார்?"

"வீட்ல சும்மா இருக்குதுன்னு."

அந்தத் தாயின் அச்சத்தை நான் குறை கூற மாட்டேன். பெண்ணைப் படிக்க வைத்த தாயே அந்தப் படிப்பை மறைக்க நேர்ந்த நம் பழக்கத்தைத்தான் நொந்துகொண்டேன். அந்த ஒரு சொல்லால், ஏட்டில் எத்தனையோ வீட்டுப் பெண்களின் கையிலிருந்து புத்தகம் பறிபோகிறது. நம் பெண்கள் படிப்பதில்லை என்று பிறர் சொல்லும்போது மறுக்க நம்மிடம் எண் இருக்காது. இதை மாமியிடம் இயன்றவரை எளிதாகச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை.

தொழுகை முடிந்து வந்தபோது அந்த இளைஞர் முனைத் தேநீர்க் கடையில் இருந்தார். அழைத்தேன். மூன்றாமவர் சொல்லைக் கேட்டுத் திருத்த இயலாது, வீட்டாரே சொல்ல வேண்டும் என்றார். சரியான பேச்சு. இருவரும் திரும்பி நடந்தோம். மாமி நிலைப்படியில் நின்றிருந்தார். உள்ளே பார்த்து, "நீயே சொல்லும்மா" என்றார்.

திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது: "பி.காம்., ரெண்டாம் வருஷம்."