பாட்டி கையிலும் ஒரு ரிமோட்
2006 நவம்பரில், அமெரிக்கக் கிறிஸ்துமஸ் விற்பனையைக் குறிவைத்து, இரண்டே நாள் இடைவெளியில் இரண்டு வீடியோ கேம் கருவிகள் கடைக்கு வந்தன. சோனியின் பிளேஸ்டேஷன் 3 விலை 499 டாலரில் தொடங்கியது. ப்ளூ-ரே வசதியும் புதிய செல் சில்லும் சேர்ந்து அதை ஏற்றிவிட்டன. நின்டெண்டோவின் வீ 250 டாலர்தான். அதில் எச்டி படம்கூட வராது. ஆனால் ரிமோட்டைப் பிடித்துக் கையை வீசினால் திரையில் டென்னிஸ் மட்டை வீசும். எந்தப் பொத்தான் எதற்கென்று தெரியாத பாட்டியும் பேரனோடு ஆடலாம். அந்த ஆட்டத்தை அமெரிக்காவில் கருவியோடு சேர்த்தே கொடுத்தார்கள். நின்டெண்டோ செய்ததுதான் சரி என்பேன். வேகத்தில் சோனியோடும் மைக்ரோசாஃப்டோடும் மல்லுக்கட்டாமல், இந்தத் தொழில் திரும்பிப் பார்க்காத மனிதர்களை அது கூப்பிட்டது. அடுத்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கும் வீ தட்டுப்பாடாகவே இருந்தது.