தலையெழுத்தும் சம்பள எழுத்தும்

சென்னையைச் சுற்றியுள்ள செங்கல்பட்டு, திருவள்ளூர், காஞ்சிபுரம் ஜில்லாக்களில் நிலம் வாங்கி மனை போட்டு விற்கும் கம்பெனிகள் பல இருக்கின்றன. அவற்றில் நிலம் பார்த்து வாங்கிக் கொடுக்கும் உத்தியோகத்துக்குப் புதிதாய்ப் போகும் வாலிபர்கள், சம்பளப் பேச்சு வந்தவுடன் "தாங்களாகப் பார்த்துக் கொடுங்கள்" என்று கைகட்டி நின்றுவிடுகிறார்கள். "தலையில் எழுதியதுதானே கிடைக்கும்" என்று வீட்டுப் பெரியவர்களும் புத்தி சொல்லுகிறார்கள். தலையில் எழுதியதை இதுவரை ஒருவரும் படித்ததில்லை. முதலாளி காகிதத்தில் எழுதியதை எழுத்தறிந்த எவரும் படிக்கலாமல்லவா?

வருஷத்துக்கு 3 லட்சம் ரூபாய் என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். மாதம் 25,000 என்று வீட்டார் சந்தோஷப்படுவார்கள். அதில் 5,000 ரூபாய், நிலம் முடிந்தால்தான் கிடைக்கும் ஊக்கத்தொகையாயிருக்கும். அடிப்படைச் சம்பளம் 12,500 என்றால், 100-க்கு 12 வீதம் சேமநல நிதிக்கு முதலாளி கட்டும் 1,500-ஐயும் அந்த 25,000-லேயே சேர்த்திருப்பார்கள். தொழிலாளியின் பங்கு 1,500 தனியே பிடித்தம். அந்த நிதி அவனுடைய பணமேயானாலும் இம்மாத வாடகைக்கு உதவாது. ஆகவே நிலம் முடியாத மாதத்தில் கைக்கு வருவது 17,000. ஊர் ஊராய்ச் சுற்றும் பெட்ரோல் செலவும் பெரும்பாலும் இதன் தலையிலேயே விழும்.

நிற்க. இந்த உத்தியோகத்தில் உண்மையான வேலை எது? பட்டா, தாய்ப் பத்திரம், புல வரைபடம் எல்லாம் பார்த்து, கெட்ட நிலத்தை "வேண்டாம்" என்று சொல்லுவதே முக்கியமான வேலை. வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள்தான் தெரியும். பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்கும் சமபங்கு என்று 1989-ல் தமிழ்நாட்டிலும், 2005-ல் இந்தியா முழுவதிலும் இந்து வாரிசுரிமைச் சட்டம் திருத்தப்பட்டிருந்தும், கையெழுத்துக் கேட்கப்படாத அக்காள் தங்கைகள் இருக்கிறார்கள் என்பது அச்சான்றில் தெரியாது. கிராமத்துக்குப் போய் விசாரித்தவனுக்குத்தான் தெரியும். பத்து நிலம் பார்த்து ஒன்பதைத் தள்ளினவனே யோக்கியமாய் வேலை செய்தவன். ஆனால் முடித்த நிலத்துக்கு மாத்திரமே பணமென்றால், தள்ளின ஒன்பதுக்கும் அவனுக்குக் கூலியில்லை. பசித்தவன் வில்லங்கத்தைப் பார்த்தும் பாராதவன்போல் இருந்துவிட்டால், அதன் பலனை அனுபவிப்பவன் யார்? வாழ்நாள் சம்பாத்தியத்தைக் கொட்டி மனை வாங்கும் ஏழைதானே!

ஆகையால் நிலையான சம்பளத்தை உயர்த்திக் கேட்பது பேராசையல்ல, நாணயமாய் வேலை செய்வதற்கு வேண்டிய ஏற்பாடேயாகும். எப்படிக் கேட்பது? "வீட்டில் கஷ்டம்" என்று அழுதால் பிச்சைதான் கிடைக்கும். அதே வேலையிலிருக்கும் இரண்டு மூன்று பேரிடம் விசாரித்து, அவர்கள் வாங்குவதைத் தெரிந்துகொண்டு, நமக்குப் பத்திரம் படிக்கத் தெரியும், இன்ன தாலுகா பழக்கம் என்று காரணத்தோடு ஒரு தொகையைச் சொல்லவேண்டும். "முடியாது" என்றால், பெட்ரோல் படியைத் தனியாயும், ஆறு மாதத்தில் சம்பள உயர்வையும் கேட்கவேண்டும். ஊக்கத்தொகை ஒப்பந்தம் போட்டவுடனா, பத்திரம் பதிவானபிறகா? இடையில் வேலையைவிட்டுப் போனால் உண்டா, இல்லையா? நாம் பார்த்த நிலத்தைக் கம்பெனியே வேண்டாமென்று நிறுத்தினால் என்ன? இவ்வளவையும் கேட்டு எழுத்தில் வாங்கவேண்டும்.

"புதியவனுக்கு இவ்வளவு பேச்சா?" என்று சில முதலாளிகள் சினக்கலாம். நிலத்துக்காரனிடம் ஏக்கருக்கு ஆயிரம் ரூபாய் குறைக்க மூன்று தடவை நடக்கச் சொல்லும் அதே முதலாளி, தன்னிடம் மட்டும் பேரமே கூடாதென்பது என்ன நியாயம்? பேரம் பேசுவதற்கென்றே வேலைக்கு எடுக்கப்படுகிறவன், தன் உழைப்புக்குப் பேரம் பேசத் தெரியாதவனாயிருந்தால் கம்பெனிக்குத்தான் அவனால் என்ன பிரயோஜனம்?

வாலிபர்கள் யோசித்துப் பார்க்கட்டும். சம்பளம் தர்மமல்ல, உழைப்பின் விலை. விலையைக் கேட்க வெட்கமென்ன?