டைம் இல்லாதவங்களுக்கு தைம்

மெல்போர்னுக்குப் படிக்க வர்ற நம்ம பசங்க முதல் வருஷமே ஒரு கறிவேப்பிலைக் கன்னு வாங்கிடுவோம். ஜூன்ல இலை மஞ்சளாகும், ஜூலைல கொட்டும், ஆகஸ்ட்ல வெறும் குச்சி நிக்கும். நான் ரெண்டு கன்னு காவு குடுத்தவன். கறிவேப்பிலையைக் குறை சொல்லலை. வாடகை வீடு, பனி, பரீட்சைன்னு நம்ம லட்சணத்துக்கு அது தாங்காது, அவ்ளோதான்.

என் கட்சி இது: முதல்ல வைக்க வேண்டிய செடி தைம். (இங்க 'டைம்'னு சொல்லணும். கடையில 'தைம் இருக்கா'ன்னு கேட்டு முழிச்சிருக்கேன் :-))

இதையும் ஒரு தடவை சாகடிச்சேன், தண்ணி ஊத்தி ஊத்தி! அம்மா தினமும் போன்ல "செடிக்குத் தண்ணி ஊத்தினியாடா?"ன்னு கேப்பாங்க. இந்தச் செடிக்கு அந்தப் பாசம்தான் எமன். மத்தியதரைக் கடல் பக்கத்துக் கல்லுப் பூமியில வளர்ந்தது. நல்ல வெயில் வேணும், வேர்ல ஈரம் நிக்கக் கூடாது. விரலை விட்டுப் பாருங்க, மண்ணு காய்ஞ்சிருந்தா மட்டும் தண்ணி. மெல்போர்ன்ல வருஷத்துக்கு சுமார் 650 மி.மீ. மழைதான். சிட்னில கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, அதனால சிட்னி மக்களே, தொட்டியில கொரமணல் கலந்து வைங்க. பனிக்கெல்லாம் அது அசராது.

இலையைக் கசக்கினா ஓமவாசனை! ரெண்டுலயும் இருக்கிறது அதே தைமால்தான். இத்தனைக்கும் ஓமம் சீரகத்தோட சொந்தம். தைம் துளசி, கற்பூரவல்லி குடும்பம். அதனால ரசத்துல, பஜ்ஜி மாவுல, உருளைக்கிழங்கு வறுவல்ல தைரியமாப் போடலாம். கொத்தமல்லி மாதிரி கடைசியில தூவாதீங்க, ஆரம்பத்துலயே போடுங்க. கறிவேப்பிலைக்கு இது மாற்றான்னு கேட்டா, இல்லை. தாளிப்புல அந்த இடம் காலிதான்.

போன குளிர்காலத்துல சளி பிடிச்சு ஒரு வாரம் தனியாக் கிடந்தேன். மிளகு தட்டி, நாலு கிளை தைம் போட்டு கொதிக்க வெச்சேன். சளி அதனாலதான் போச்சுன்னு சொல்ல மாட்டேன். ஆனா ஆவி மூக்குல ஏறினதும் பாட்டி வீட்டு அடுக்களை... கொஞ்ச நேரம் அழுதேன், சளின்னே வெச்சுக்குங்க.

நவம்பர்ல வீடு காலி பண்றேன். செடியும் மூணு வருஷத்துல கட்டை தட்டிப் போச்சு. இளங்குச்சியா ஆறு வெட்டி தயிர் டப்பாவுல நட்டு வெச்சிருக்கேன். வேணுங்கிறவங்க வந்து எடுத்துக்கலாம். டப்பாவை மட்டும் திருப்பிக் குடுத்துடுங்க.