ஓட்டுநரின் கண்ணும் கடன் தவணையும்

தில்லியிலிருந்து சென்னைக்கு நம்மை ஏற்றிச் செல்லும் விமானி ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனையில் தேறியாக வேண்டும். 60 வயதைக் கடந்தால் 6 மாதத்திற்கொருமுறை. இதே தில்லியின் சஞ்சய் காந்தி போக்குவரத்து நகரிலிருந்து லாரியுடன் புறப்படுபவரிடமோ, உரிமத்தைப் புதுப்பிக்கும்போதுதான் சட்டம் மருத்துவச் சான்று கேட்கிறது. 3 ஆண்டுகளாக இருந்த அவ்வுரிமக் காலத்தை 2019ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் 5 ஆண்டுகளாக நீட்டிவிட்டது.

இடையில் சர்க்கரை நோயால் பார்வை மங்கினால் அவர் வெளியில் சொல்வாரா? வாகனக் கடன் பிரிவில் அமர்ந்தவன் என்ற முறையில் கூறுகிறேன்: சொல்லமாட்டார். உரிமம் போனால் தவணை நிற்கும். வங்கியின் அறிவிப்பு வீடு தேடி வரும். விமானிகளுக்கென உரிமமிழப்புக் காப்பீடு நடைமுறையில் உண்டு. லாரி ஓட்டுநர் பலருக்கு அப்படியோர் ஏற்பாடு இல்லை.

வண்டிக்குக் காப்பீடின்றி நாம் கடன் வழங்குவதில்லை. ஓட்டுபவரின் உடல்தகுதிக்கும் ஒரு காப்பீட்டைக் கடனுடன் இணைத்து, ஆண்டுப் பரிசோதனையை அதன் நிபந்தனையாக்கலாம். பிரீமியத்தில் ஒரு பங்கை வங்கியே ஏற்கட்டும். என் மேலதிகாரிகள் முகம் சுளிக்கக்கூடும்.